ஒரு விலங்கை ஆராய்வது எப்படி: முதல் கேள்வியிலிருந்து கடைசி எண் வரை

தரையில் தானியம் பொறுக்கும் புறாக் கூட்டத்தைப் பத்து நிமிடம் பாருங்கள். ஒவ்வொன்றும் நாலு கொத்து கொத்திவிட்டுத் தலையைத் தூக்குகிறது, சுற்றுமுற்றும் பார்க்கிறது, மறுபடி குனிகிறது. தனியாக மேயும் புறா அடிக்கடி நிமிர்வதைப் போலவும், கூட்டத்தில் இருப்பது அவ்வளவாகக் கவலைப்படாததைப் போலவும் தோன்றும். தோன்றுவதைத் தெரிந்ததாக மாற்ற என்னென்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்லப் போகிறேன். கடைசி வரை இந்தப் புறாக்களையே கூட வைத்துக்கொள்வோம். நடுநடுவே வேறு விலங்குகளிடமும் போய் வருவோம், ஏனென்றால் சில பாடங்களைப் புறாவிடம் கற்க முடியாது.

முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்தத் துறையில் பெரும்பாலான தவறுகள் விலங்கிடமிருந்து வருவதில்லை, பார்க்கிறவரிடமிருந்து வருகின்றன. கீழே உள்ள படிகளில் பாதிக்கு மேல் நம்மிடமிருந்து நம்மைக் காப்பாற்றிக்கொள்ளும் ஏற்பாடுகள்தான்.

படி 1: "ஏன்" என்ற சொல்லை உடையுங்கள்

"புறா ஏன் தலையைத் தூக்குகிறது?" என்பது ஒரு கேள்வி போல இருக்கிறது. உண்மையில் அதற்குள் நான்கு கேள்விகள் இருக்கின்றன. விலங்கு நடத்தையியலை வளர்த்தெடுத்தவர்களில் ஒருவரான நிக்கோ டின்பெர்கன் 1963-ல் இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டினார்.

முதலாவது, உடனடிக் காரணம்: எந்த ஒலியோ நிழலோ தலையைத் தூக்க வைக்கிறது, எந்த நரம்பும் ஹார்மோனும் அதில் வேலை செய்கின்றன? இரண்டாவது, வளர்ச்சி: குஞ்சாக இருந்து பறக்கக் கற்ற சில நாட்களிலேயே இந்தப் பழக்கம் இருக்கிறதா, அனுபவத்தில் வருகிறதா? மூன்றாவது, பயன்: நிமிர்ந்து பார்க்கும் புறா உண்மையிலேயே அதிகம் உயிர் பிழைக்கிறதா? நான்காவது, பரிணாம வரலாறு: புறாவின் உறவுக்கார இனங்களில் இது எப்படி இருக்கிறது, எப்போது தோன்றியிருக்கலாம்?

ஒன்றுக்கான விடை மற்றொன்றுக்கு விடையாகாது. "வல்லூறுக்குப் பயந்து தூக்குகிறது" என்பவரும் "கார்ட்டிகோஸ்டிரோன் என்ற மன அழுத்த ஹார்மோன் கூடியதால் தூக்குகிறது" என்பவரும் சண்டை போட வேண்டியதே இல்லை. இருவரும் வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்கிறார்கள். உடலியங்கியல், வளர்ச்சி, நடத்தை என்று தனித்தனித் துறைகளாக நாம் பிரித்து வைத்திருப்பதெல்லாம் ஒரே செயலை வேறு வேறு பக்கமிருந்து பார்ப்பதுதான்.

ஆகவே முதல் வேலை: உங்கள் கேள்வியை ஒரு வரியில் எழுதி, அது நான்கில் எது என்று பக்கத்தில் குறித்துவிடுங்கள். பிறகு அதிலிருந்து ஒரு கணிப்பை எழுதுங்கள். நம் புறாக்களுக்கு: "கூட்டம் பெரிதாகப் பெரிதாக, ஒரு புறா நிமிடத்துக்கு எத்தனை முறை தலை தூக்குகிறது என்பது குறையும்." பொய்யாகப் போகக்கூடிய வாக்கியமாக அது இருக்க வேண்டும். "கூட்டம் நடத்தையைப் பாதிக்கும்" என்று எழுதினால் எந்த முடிவு வந்தாலும் நீங்கள் சொன்னது சரியென்றே ஆகும். அது கணிப்பே இல்லை.

படி 2: கேள்விக்கேற்ற விலங்கு

டென்மார்க்கின் உடலியங்கியல் அறிஞர் ஆகஸ்ட் கிரோக் 1929-ல் சொன்ன ஒரு கருத்து இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது: ஏராளமான கேள்விகளுக்கு, அவற்றை ஆராய மிக வசதியான ஒரு விலங்கு எங்காவது இருக்கும்.

நரம்பில் மின் சைகை எப்படி ஓடுகிறது என்று அறிய ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் கணவாயை எடுத்துக்கொண்டார்கள். அதன் ராட்சத நரம்பிழை ஒரு மில்லிமீட்டர் தடிமன் வரை இருக்கும். உள்ளேயே மின்முனையை நுழைக்கலாம். 1952-ல் அவர்கள் வெளியிட்ட விளக்கம் மனித நரம்புக்கும் பொருந்தியது. ஒரு கரு முழு உடலாவதைச் செல் செல்லாகப் பின்தொடர வேண்டுமா? ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள சி. எலிகன்ஸ் என்ற உருளைப்புழு கண்ணாடி போல ஒளி ஊடுருவும். அதன் இருபால் உடலில் 302 நரம்புச் செல்கள். ஒவ்வொரு செல்லும் எந்தச் செல்லிலிருந்து பிரிந்து வந்தது என்ற வம்சாவளி முழுமையாக வரையப்பட்டிருக்கிறது. முதுகெலும்புள்ள விலங்கின் வளர்ச்சி வேண்டுமென்றால் வரிக்குதிரை மீன்: கரு தாயின் உடலுக்கு வெளியே வளர்கிறது, கருவுற்று ஏறக்குறைய 24 மணி நேரத்தில் இதயம் துடிக்கத் தொடங்குவதை நுண்ணோக்கியில் நேரிலேயே பார்க்கலாம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. வசதியான விலங்குகளையே எல்லோரும் எடுத்தால், எலிக்கும் பழ ஈக்கும் உண்மையானது எல்லா உயிருக்கும் உண்மை என்ற மயக்கம் வந்துவிடும். பாலைவன ஒட்டகத்தைப் பாருங்கள். தண்ணீர் கிடைக்காத ஒட்டகத்தின் உடல் வெப்பம் விடியலில் 34 டிகிரி செல்சியஸ் வரை இறங்கி, மாலையில் 41 வரை ஏறும் என்று கினூட் ஷ்மிட்-நீல்சன் 1950களில் சகாராவில் அளந்தார். பகல் சூட்டை வியர்வையாகக் கொட்டித் தீர்க்காமல் உடம்பிலேயே சேர்த்து வைத்து, இரவில் வெளியே விடுகிறது. தண்ணீர் குடித்த ஒட்டகத்திடம் இந்த ஏற்ற இறக்கம் ஏறக்குறைய இரண்டு டிகிரிதான். எலியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு இது தோன்றியிருக்குமா? அதே இனம், அதே விலங்கு, ஆனால் தாகத்தில் வேறு உடல். இதை நினைவில் வையுங்கள், ஏழாம் படியில் திரும்ப வரும்.

படி 3: முதலில் சும்மா பாருங்கள்

ஆர்வமுள்ளவர்கள் பெரும்பாலும் தாண்டிக் குதிக்கும் படி இதுதான். தாண்டாதீர்கள். எண்ணத் தொடங்கும் முன் சில நாட்கள் வெறுமனே பாருங்கள். வெவ்வேறு நேரங்களில் போங்கள். கண்ணில் படும் ஒவ்வொரு செயலையும் எழுதுங்கள், விளக்கம் சொல்லாமல். "பயந்தது" என்று எழுதாதீர்கள். "கழுத்தை நீட்டியது, இறகுகளை உடலோடு ஒட்டியது, ஒரு விநாடி அசையாமல் நின்றது" என்று எழுதுங்கள். பயம் என்பது உங்கள் ஊகம். கழுத்து நீண்டது நடந்த சங்கதி.

இந்தக் குறிப்புகளிலிருந்து நடத்தைப் பட்டியல் ஒன்று உருவாகும். ஆய்வாளர்கள் இதை எத்தோகிராம் என்பார்கள். ஒவ்வொரு நடத்தைக்கும் பெயர், அதன் வரையறை, எப்போது தொடங்குகிறது, எப்போது முடிகிறது. நம் பட்டியலில் ஒரு வரி இப்படி இருக்கலாம்: "தலை தூக்கல் – அலகின் நுனி முதுகு மட்டத்துக்கு மேலே வந்து, குறைந்தது அரை விநாடி அங்கேயே இருத்தல்." ஏன் இவ்வளவு நுணுக்கம் என்று கேட்கலாம். புறா தானியத்தை விழுங்கும்போதும் தலை கொஞ்சம் உயரும், நடக்கும்போதும் தலை முன்னும் பின்னும் ஆடும். வரையறை இல்லாமல் எண்ணினால், முதல் நாள் எண்ணியதும் பத்தாம் நாள் எண்ணியதும் ஒரே பொருளாக இருக்காது. உங்களுக்குத் தெரியாமலேயே அளவுகோல் நகர்ந்திருக்கும்.

வரையறை உருப்படியாக இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. ஒரே வீடியோவை நீங்களும் இன்னொருவரும் ஒருவரோடொருவர் பேசாமல் எண்ணுங்கள். இருவரின் முடிவும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதற்குத் தற்செயல் ஒற்றுமையைக் கழித்துவிட்டுச் சொல்லும் கோஹன் காப்பா என்ற அளவீடு இருக்கிறது. ஒத்துப்போகவில்லை என்றால் தவறு அவருடையது என்று முடிவு கட்டாதீர்கள். பெரும்பாலும் தவறு வரையறையில் இருக்கும்.

படி 4: யாரைப் பார்ப்பது, எப்போது பார்ப்பது

கண் எப்போதும் பரபரப்பான இடத்துக்கே போகும். சண்டை போடும் புறா, வால் விரித்து ஆடும் ஆண், தனியாக நிற்கும் நோஞ்சான். "கண்ணில் பட்டதை எல்லாம் குறித்தேன்" என்றால் உங்கள் தரவு புறாக்களைப் பற்றியதல்ல, உங்கள் கண்ணைப் பற்றியது. ஜீன் ஆல்ட்மன் 1974-ல் இதைப் பற்றி எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் அவதானிப்புக்கு ஒழுங்கான மாதிரி எடுக்கும் முறைகள் பரவலாயின. ஆப்பிரிக்காவில் பபூன் குரங்குகளைப் பின்தொடர்ந்து கிடைத்த அனுபவம் அவருக்குப் பின்னால் இருந்தது.

இரண்டு முறைகள் தெரிந்தால் பெரும்பாலான வேலைகள் நடந்துவிடும். ஒரு விலங்கை மட்டும் தேர்ந்து, குறித்த நேரம், உதாரணத்துக்கு இரண்டு நிமிடம், அது செய்வதை எல்லாம் பதிவது ஒரு முறை. தலை தூக்குதல் போன்ற சட்டென்று நடந்து முடியும் செயல்களுக்கு இதுதான் சரி. மற்றது, குறித்த இடைவெளியில் மொத்தக் கூட்டத்தையும் ஒரு ஓட்டமாகப் பார்த்து, அந்தக் கணத்தில் ஒவ்வொன்றும் என்ன செய்கிறது என்று குறிப்பது. எத்தனை விழுக்காடு நேரம் மேய்கின்றன, எத்தனை நேரம் ஓய்கின்றன என்று அறிய இது போதும். குறுகிய செயல்களை இது தவறவிடும்.

இனி எந்தப் புறாவைத் தேர்வது? "எது கிட்டே இருக்கிறதோ அது" என்றால் வசமாக மாட்டிக்கொண்டீர்கள். கூட்டத்தின் ஓரத்தில் இருக்கும் பறவைகள் நடுவில் இருப்பவற்றைவிட அதிகம் விழிப்பாக இருப்பது பல இனங்களில் கண்டறியப்பட்டிருக்கிறது. கிட்டே இருப்பது பெரும்பாலும் ஓரத்துப் புறா. அதனால் குலுக்கிப் போட்டுத் தேர்ந்தெடுங்கள்: முன்கூட்டியே ஒரு சமவாய்ப்பு எண் பட்டியல் வைத்துக்கொண்டு, "இடமிருந்து ஏழாவது" என்று வந்தால் ஏழாவதையே பாருங்கள், அது சலிப்பூட்டும் புறாவாக இருந்தாலும்.

படி 5: எத்தனை விலங்குகள்?

ஒரே புறாவை நூறு முறை அளந்தால் நூறு தரவுகள் அல்ல. ஒரே கூட்டத்தின் முப்பது புறாக்களை அளந்தாலும், கேள்வி கூட்டத்தின் அளவைப் பற்றியது என்பதால், உங்களிடம் இருப்பது ஒரே ஒரு கூட்டம்தான். அந்தக் கூட்டத்துக்கு அன்றைக்குக் கிடைத்த தானியம், பக்கத்தில் இருந்த பூனை, எல்லாமே முப்பது எண்களிலும் ஒரே மாதிரி கலந்திருக்கும். இதற்குப் போலிப் பிரதியாக்கம் என்று பெயர். ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட் 1984-ல், அதுவரை வெளியான சோதனைகளை அலசி, இந்தத் தவறு எவ்வளவு மலிந்திருக்கிறது என்று காட்டினார். நாற்பது ஆண்டுகள் கழிந்தும் அது ஓயவில்லை.

ஒரு தரவு என்பது எது என்று முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். நம் விஷயத்தில் அது கூட்டம். வேறு வேறு இடங்களில், வேறு வேறு நாட்களில், சிறிதும் பெரிதுமாகப் பல கூட்டங்கள் வேண்டும். ஒரே கூட்டத்தில் பல புறாக்களை அளந்தால், அவை ஒரே குடும்பத்து எண்கள் என்று கணக்குக்குச் சொல்லும் கலப்பு மாதிரிகள் என்ற புள்ளியியல் முறையைப் பயன்படுத்த வேண்டும். எந்தக் கணக்கு என்பதைத் தரவு வருவதற்கு முன்பே எழுதி வைத்துவிடுங்கள். வந்த பிறகு தேடினால், பிடித்த முடிவைத் தரும் கணக்கு எப்படியாவது கிடைத்துவிடும்.

படி 6: பார்ப்பதிலிருந்து சோதனைக்கு

சரி, பெரிய கூட்டத்தில் தலை தூக்குவது குறைவு என்று தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். காரணம் கூட்டமா? பெரிய கூட்டம் கூடுவது தீனி அதிகமுள்ள இடத்தில். தீனி அதிகம் என்றால் குனிந்தே இருப்பது லாபம். அல்லது கூட்டத்தில் போட்டி அதிகம், நிமிர்ந்தால் பக்கத்துப் புறா தானியத்தைத் தின்றுவிடும். மூன்று விளக்கங்களும் ஒரே வரைபடத்தைத் தரும். பிரிக்க வேண்டுமானால் ஒன்றை மட்டும் மாற்றி மற்றவற்றை அப்படியே வைக்க வேண்டும்: தானியத்தின் அளவை நீங்களே கட்டுப்படுத்துங்கள், கூட்டம் தானாக மாறட்டும்.

எளிய சோதனை எவ்வளவு ஆழம் போகும் என்பதற்கு டின்பெர்கன் செய்த இரண்டு வேலைகளைச் சொல்லலாம். தேனீக்களை வேட்டையாடும் ஒரு குளவி மண்ணில் வளை தோண்டும். வளையைச் சுற்றிப் பைன் காய்களை வட்டமாக அடுக்கினார். குளவி வளையைவிட்டுக் கிளம்பிப் போனதும் வட்டத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். திரும்பி வந்த குளவி வட்டத்தின் நடுவில் இறங்கி, இல்லாத வளையைத் தேடியது. மோப்பம் அல்ல, அடையாளங்களின் அமைப்பே அதற்கு வழிகாட்டி என்பதைக் கையில் கிடைத்த காய்களே காட்டிவிட்டன.

இரண்டாவது எனக்கு இன்னும் பிடித்தது. கருந்தலைக் கடல்காகம், குஞ்சு பொரித்த பின் உடைந்த ஓட்டைக் கொத்தி எடுத்துக் கூட்டிலிருந்து தூரத்தில் போய்ப் போடும். ஆண்டுக்குச் சில நிமிடங்கள் மட்டுமே செய்யும் வேலை. இதற்கு என்ன பயன்? டின்பெர்கனும் குழுவினரும் முட்டைகளைத் தரையில் பரப்பி, சிலவற்றின் அருகில் உடைந்த ஓட்டை வைத்தார்கள். ஓட்டின் உட்புற வெள்ளை காக்கைக்குக் காட்டிக்கொடுத்தது. ஓடு கிட்டே இருக்க இருக்க முட்டை பறிபோகும் ஆபத்து கூடியது. அப்படியானால் பொரித்த உடனே ஓட்டை அகற்றாமல் தாய் ஏன் ஒரு மணி நேரம் போலக் காத்திருக்கிறது? பக்கத்துக் கூட்டுக் கடல்காகங்கள் ஈரம் காயாத குஞ்சை விழுங்கிவிடும். இறகு உலர்ந்த குஞ்சை விழுங்குவது கடினம். எனவே தாய் காத்திருக்கிறது. ஒரு சின்னச் செயலில் இரண்டு ஆபத்துகளின் சமரசம்.

சோதனையை வடிவமைக்கும்போது விலங்கின் உடலிலிருந்து யோசியுங்கள். கிப்பன் குரங்குகள் தரையில் கிடக்கும் கயிற்றை இழுத்து உணவைப் பெறத் தெரியாதவை என்று ஒரு காலத்தில் கருதப்பட்டன. கிளைகளைப் பற்றித் தொங்குவதற்கேற்ற நீண்ட விரல்களால் தட்டையான தரையில் கிடக்கும் கயிற்றை எடுப்பது அவற்றுக்குச் சிரமம். 1967-ல் பெஞ்சமின் பெக் கயிற்றைத் தோள் உயரத்துக்குத் தூக்கி வைத்தார்; அவை உடனே தீர்வைக் கண்டன. யானைக்கும் இதே அவப்பெயர் இருந்தது. உணவை எட்டக் குச்சி கொடுத்தால் பயன்படுத்தவில்லை. துதிக்கையில் குச்சியைப் பிடித்தால் மோப்பமும் தொடு உணர்வும் அடைபட்டுப் போகின்றன. அதற்குத் துதிக்கை கை மட்டுமல்ல, மூக்கும்கூட. 2011-ல் வெளியான ஆய்வில் ஓர் இளம் ஆசிய யானை, பெட்டியை உருட்டிக்கொண்டு வந்து அதன் மேல் ஏறி உணவைப் பறித்தது. ஒரு விலங்கு தோற்றால், "அதற்கு முடியாது" என்று எழுதுவதற்கு முன் "நான் கேட்ட விதம் அதற்குப் புரிந்ததா" என்று ஒருமுறை யோசியுங்கள்.

படி 7: உடலுக்குள்ளே அளப்பது

இங்கே அனுமதி இல்லாமல் எதையும் தொடாதீர்கள். பிடிப்பது, இரத்தம் எடுப்பது, கருவி கட்டுவது எல்லாவற்றுக்கும் விலங்கு நெறிக் குழுவின் ஒப்புதல் வேண்டும். காட்டு விலங்கு என்றால் வனத்துறையின் அனுமதியும் வேண்டும். ரஸ்ஸலும் பர்ச்சும் 1959-ல் வகுத்த மூன்று கேள்விகளே பெரும்பாலான குழுக்களின் அடிப்படை: விலங்கு இல்லாமலே செய்ய முடியுமா, குறைந்த எண்ணிக்கையில் செய்ய முடியுமா, வலியும் துன்பமும் குறையும்படி செய்ய முடியுமா.

இரக்கத்துக்காக மட்டும் இல்லை. துன்பப்படும் விலங்கிடமிருந்து வரும் எண்ணும் பொய்யான எண். பறவைகளின் மன அழுத்தத்தை அளக்கக் கார்ட்டிகோஸ்டிரோன் என்ற ஹார்மோனைப் பார்ப்பார்கள். பிடித்த நொடியிலிருந்து அது ஏறத் தொடங்குகிறது. இரத்தத்தில் ஏற்றம் தெரிய இரண்டு மூன்று நிமிடம் ஆகும். எனவே மூன்று நிமிடத்துக்குள் எடுத்த இரத்தம் பறவையின் இயல்பு நிலையைச் சொல்லும். பத்து நிமிடம் கழித்து எடுத்தது உங்களைப் பற்றிச் சொல்லும். கைக்கடிகாரம் இல்லாமல் வலையருகே போகாதீர்கள்.

எலிகளோடு வேலை செய்கிறவர்கள் காலங்காலமாக வாலைப் பிடித்துத் தூக்கினார்கள். ஜேன் ஹர்ஸ்டும் ரெபெக்கா வெஸ்ட்டும் 2010-ல் காட்டியது: ஒரு குழாய்க்குள் ஏறவிட்டுத் தூக்கினால் அல்லது உள்ளங்கையில் ஏந்தினால் சுண்டெலிகளின் பதற்றம் வெகுவாகக் குறைகிறது. பதற்றத்தை அளக்கும் சோதனையில், தூக்கிய விதமே பதற்றத்தை உண்டாக்கியிருந்தால் அளந்தது எதை? 2014-ல் இன்னொரு வேடிக்கையும் வெளியானது. ஆண் ஆய்வாளர், அல்லது ஆண் அணிந்த சட்டை மட்டும் பக்கத்தில் இருந்தால்கூட எலிகள் வலியைக் குறைவாகக் காட்டின. வாசனை தந்த அழுத்தம் வலியை மறைத்துவிட்டது. யார் அளந்தார் என்பதையும் ஏட்டில் எழுதுங்கள்.

அடையாள வளையங்கள் பாவமில்லாதவை என்று நினைப்போம். ராஜ பென்குவின்களின் துடுப்பில் உலோகப் பட்டை மாட்டிப் பத்து ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு 2011-ல் வெளியானது. தோலுக்கடியில் மின்னணு வில்லை மட்டும் வைத்த பென்குவின்களோடு ஒப்பிட்டால், பட்டை மாட்டியவற்றில் உயிர் பிழைத்தவை 16 விழுக்காடு குறைவு. பெற்ற குஞ்சுகள் 39 விழுக்காடு குறைவு. பருவநிலை மாற்றத்தால் பென்குவின்கள் குறைகின்றன என்று கணக்கிட எத்தனையோ பேர் அதே பட்டைகளைத்தான் நம்பியிருந்தார்கள். வரிக்குருவிகளில் ஆணின் காலில் சிவப்பு வளையம் மாட்டினால் பெண்களுக்கு அதிகம் பிடிக்கிறது என்று நான்சி பர்லி 1980களில் சொன்னார். பின்னாளில் திரும்பச் செய்தவர்களில் எல்லோருக்கும் அது கிடைக்கவில்லை. எப்படியிருந்தாலும், வளைய நிறங்களைக் குலுக்கிப் போட்டுப் பகிர்ந்தால் இந்தத் தலைவலி தணியும்.

அளவீட்டை ஓர் உடலிலிருந்து மற்றோர் உடலுக்கு மாற்றும்போது இன்னொரு பள்ளம் காத்திருக்கிறது. 1962-ல் அமெரிக்காவில் டஸ்கோ என்ற யானைக்கு 297 மில்லிகிராம் எல்.எஸ்.டி. என்ற மனமயக்க மருந்தைச் செலுத்தினார்கள். பூனைக்குக் கொடுத்த அளவை எடைக்கு எடை பெருக்கியே அந்த எண் வந்தது. யானை நிமிடங்களில் சரிந்து விழுந்தது, இரண்டு மணி நேரத்துக்குள் இறந்தது. அதைத் தணிக்கக் கொடுத்த மற்ற மருந்துகளும் காரணமாக இருந்திருக்கலாம் என்ற வாதம் உண்டு. ஆனால் கணக்கின் பிழை கண்கூடு. உடல் பெரிதாகும் அதே விகிதத்தில் அதன் வளர்சிதை மாற்றம் பெரிதாவதில்லை. மாக்ஸ் கிளைபர் 1932-லேயே, அது எடையின் முக்கால் அடுக்கில்தான் வளர்கிறது என்று காட்டியிருந்தார். எடை 10,000 மடங்கானால் ஆற்றல் செலவு 1,000 மடங்குதான் ஆகும்.

அளக்கும்போது அறை வெப்பம், நாளின் நேரம், கடைசியாக எப்போது தின்றது, இனப்பெருக்க காலமா, தண்ணீர் குடித்ததா என்பனவற்றைக் கூடவே எழுதுங்கள். ஒட்டகத்தை மறந்துவிடாதீர்கள்.

படி 8: வளர்ச்சியைப் பின்தொடர்வது

வளர்ச்சி ஆய்வில் "எவ்வளவு" என்பதைவிட "எப்போது" முக்கியம். வெண்முடிச் சிட்டுக்குருவியின் பாட்டை ஆராய்ந்த பீட்டர் மார்லர், குஞ்சுகளைத் தனியாக வளர்த்து ஒலிநாடாவில் பாட்டைக் கேட்க வைத்தார். பிறந்து ஏறக்குறைய 10-ஆம் நாளிலிருந்து 50-ஆம் நாள் வரை கேட்டதை, மாதங்கள் கழித்துத் தானே பாடத் தொடங்கும்போது நினைவிலிருந்து எடுத்துப் பாடியது. அதற்குப் பிறகு கேட்டது ஒட்டவில்லை. கற்றலுக்கு ஒரு ஜன்னல் இருக்கிறது, அது மூடிக்கொள்கிறது என்ற முடிவு அழகாக இருந்தது. ஆனால் 1980களில் பாப்டிஸ்டாவும் பெட்ரினோவிச்சும் ஒலிநாடாவுக்குப் பதில் உயிருள்ள பறவையையே ஆசிரியராக வைத்தார்கள். 50 நாட்களுக்குப் பிறகும் குஞ்சுகள் கற்றன, வேறு இனத்தின் பாட்டைக்கூட. ஜன்னலின் அகலத்தைத் தீர்மானித்ததில் குருவிக்கு மட்டுமல்ல, ஒலிப்பெட்டிக்கும் பங்கு இருந்தது.

சூழலின் ஒரே ஒரு எண் உடலையே மாற்றிவிடும் விலங்குகளும் உண்டு. கடலாமைகளில் ஆணா பெண்ணா என்பதை முட்டை கிடக்கும் மணலின் சூடு தீர்மானிக்கிறது. சூடான மணலில் பெண். அடைகாக்கும் பெட்டியில் ஒரு டிகிரி பிசகினால் உங்கள் மாதிரியில் ஒரு பால் காணாமல் போகலாம். ஆகவே வளர்ச்சி ஆய்வுகளில் கடிகாரமும் வெப்பமானியும் எப்போதும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஒரே தாயின் குஞ்சுகளை ஒரே குழுவில் போடாமல் எல்லாக் குழுக்களுக்கும் பிரித்துப் போடுங்கள். ஐந்தாம் படியில் சொன்ன குடும்பச் சிக்கல் இங்கே நிஜமாகவே குடும்பச் சிக்கல்.

படி 9: கண்ணைக் கட்டிக்கொள்ளுங்கள்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் ஹான்ஸ் என்ற குதிரை கணக்குக்கு விடையைக் குளம்பால் தட்டிச் சொன்னது. கேட்பவருக்கு விடை தெரியாவிட்டால் குதிரைக்கும் தெரியவில்லை என்று ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் 1907-ல் காட்டினார். சரியான எண் வந்ததும் கேட்பவரின் தலை மயிரிழை அசையும். குதிரை அதைப் படித்தது. பலரும் இந்த இடத்தோடு கதையை நிறுத்திவிடுகிறார்கள். இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியம்: ரகசியத்தைக் கண்டுபிடித்த ஃபுங்ஸ்டால்கூடத் தன் தலையின் அந்த அசைவை அடக்க முடியவில்லை.

குதிரைதான் என்றில்லை. 1963-ல் ரோசன்தாலும் ஃபோடும் மாணவர்களிடம் எலிகளைக் கொடுத்து, சிலரிடம் "இவை புத்திசாலி எலிகள்", சிலரிடம் "இவை மந்தமானவை" என்றார்கள். எல்லாம் ஒரே இனத்து எலிகள். "புத்திசாலி" எலிகள் புதிர்ப்பாதையில் நன்றாக ஓடின. ஆகவே நேர்மையாக இருக்கிறேன் என்ற உறுதி போதாது. வீடியோவை எண்ணுபவருக்கு அது எந்தக் குழு என்று தெரியக்கூடாது. நம் புறாக்களில், காட்சியை ஒரு பறவை மட்டும் தெரியும்படி வெட்டி, கோப்புகளின் பெயரை எண்களாக மாற்றி, வரிசையைக் கலைத்து, வேறொருவரிடம் கொடுங்கள். கணினியே விலங்கின் உடல் அசைவைப் பின்தொடரும் மென்பொருள்கள் இப்போது வந்துவிட்டன. டீப்லேப்கட் 2018-ல் வெளியானது. வேகம் கிடைக்கும். ஆனால் அதற்குப் பயிற்சி கொடுக்கக் கையால் குறித்த படங்கள் உங்களுடையவை, உங்கள் சாய்வும் அவற்றோடு உள்ளே போகும்.

படி 10: இனங்களை ஒப்பிடுவது

ஒரு சின்னப் படி, ஆனால் வழுக்கும். இருபது பறவை இனங்களை எடுத்து "பெரிய மூளையுள்ளவை சிக்கலான கூடு கட்டுகின்றன" என்று புள்ளிகளை வரைந்தால், அவற்றில் பத்து ஒரே குடும்பத்து உறவினர்களாக இருக்கலாம். அவை ஒரே மூதாதையிடமிருந்து இரண்டையும் சேர்த்தே பெற்றிருக்கும். புள்ளிகள் இருபது, நிகழ்வு ஒன்று. ஜோசப் ஃபெல்சன்ஸ்டைன் 1985-ல், பரிணாம மரத்தின் கிளைகளைக் கணக்கில் சேர்த்து ஒப்பிடும் வழியைத் தந்தார். இன்றைய புள்ளியியல் மென்பொருள்களில் அதன் வாரிசுகள் இலவசமாகவே கிடைக்கின்றன. மரம் இல்லாமல் ஒப்பிடாதீர்கள்.

படி 11: எழுதுவது

1999-ல் ஜான் கிராபும் மற்ற இரண்டு ஆய்வாளர்களும் ஒரே வகைச் சுண்டெலிகளை, ஒரே வகைக் கருவிகளில், ஒரே நேரத்தில் மூன்று நகரங்களின் ஆய்வகங்களில் சோதித்தார்கள். எதை ஒரே மாதிரி வைக்க முடியுமோ எல்லாவற்றையும் ஒரே மாதிரி வைத்தார்கள். சில நடத்தைகளின் முடிவு ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறியது. எந்தக் காரணத்தால் என்று அவர்களுக்கே பிடிபடவில்லை.

இதைப் படித்த பிறகு, "முறைகள்" பகுதியைச் சுருக்கி எழுத எனக்கு மனம் வருவதில்லை. விலங்கின் இனம், வயது, பால், எங்கிருந்து வந்தது, எப்படிப் பிடிக்கப்பட்டது என்று எல்லாம் எழுதுங்கள். எப்படிப் பிடிக்கப்பட்டது என்பது ஏன் என்றால், துணிச்சலான விலங்குகளே கூண்டுக்குள் முதலில் வரும். உங்கள் மாதிரி முழுவதும் துணிச்சல்காரர்களாக இருக்கலாம். நீக்கிய தரவுகளை எத்தனை, எதற்காக நீக்கினீர்கள் என்று எழுதுங்கள். கணிப்பு பொய்த்தால் அதையும் எழுதுங்கள்.

நம் புறாக்களில், தானியத்தின் அளவைச் சமமாக்கிய பிறகும் கூட்டம் பெரிதாகத் தலை தூக்கல் குறைந்தால், போட்டி என்ற விளக்கம் இன்னும் வெளியேறவில்லை என்று சொல்லிவிட்டு அடுத்த சோதனையை முன்வையுங்கள். ராபர்ட் கென்வர்ட் 1978-ல் பழக்கிய வல்லூறு ஒன்றைக் காட்டுப் புறாக்கள் மேல் ஏவிப் பார்த்தார். கூட்டம் பெரிதாக இருந்தால் புறாக்கள் அதை வெகு தூரத்திலேயே கண்டுகொண்டன, வல்லூறின் வெற்றியும் சரிந்தது. ஒவ்வொரு புறாவும் குறைவாகப் பார்த்தாலும் கூட்டத்தின் கண்கள் மொத்தத்தில் அதிகம் என்ற எண்ணத்துக்கு அது வலு சேர்க்கிறது. உங்கள் தரவு முதல் கேள்விக்கானது, அவருடையது மூன்றாவதற்கானது. இரண்டையும் ஒரே பத்தியில் வைக்கும்போது எது எதற்கான விடை என்று பெயரிட்டுச் சொல்லுங்கள். அப்புறம் மூல வீடியோக்களை அழிக்காதீர்கள். அரை விநாடி என்ற உங்கள் வரையறை தவறு என்று நினைப்பவர், அதைக் கால் விநாடியாக்கி மறுபடி எண்ணிப் பார்க்கட்டும்.